பதினாறு புள்ளிக்குள் ஒரு பசு

எழுத்து என்ற ஒன்றே உலகத்துக்குத் தேவையில்லை என்று முழுமனதாக நம்பிய ஒரே எழுதுவினைஞர் எங்கள் படத்தார்தான். அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. காலையில் வரவுப் பதிவேட்டில் அதை ஒரு தடவை காண்போம். அதன் பிறகு நாள் முழுக்க அவர் படத்தார்தான். தேநீர் போடுகிற அக்காவுக்கும் படத்தார், சங்கத் தலைவருக்கும் படத்தார். வீட்டிலிருந்து மனைவி தொலைபேசி எடுத்தாலும், "படத்தார் நிக்கிறாரோ பிள்ளை?" என்றுதான் கேட்பா.

நான் சொல்வது முல்லைத்தீவுப் பக்கத்தில் உள்ள ஒரு கால்நடை வளர்ப்போர் சங்கத்தின் அலுவலகத்தை, எங்கள் பேச்சில் கந்தோரை. பெயரைச் சொல்ல மாட்டேன். அப்போதைய தலைவர் இன்னும் நல்ல சுகத்தோடு இருக்கிறார், இந்த வார இதழையும் வாசிக்கிறார். இரண்டு அறை, ஒரு விறாந்தை, ஒரு கணினி, பின்பக்கம் பிடிபட்ட மாடு கட்ட ஒரு அடைப்பு. கணினிக்கு முன்னால் படத்தார். அவருக்கு நேரெதிரே, அவர் விடுகிற பெருமூச்செல்லாம் வந்து விழுகிற மேசையில் நான்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வன்னியில் மாட்டைக் கட்டி வைத்து வளர்ப்பவர்கள் குறைவு. வயல் விதைத்ததும் மாடுகளைக் காட்டோரத்துப் பட்டிகளுக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அறுவடை முடிந்துதான் அவை ஊருக்குத் திரும்பும். நூறு பேருடைய மாடு ஒன்றாக மேயும்போது எது யாருடையது என்று சொல்லத் தொடையில் சுட்ட குறி ஒன்றுதான் சாட்சி. பிறை, கொழுக்கி, சூலம், வில், ஏணி என்று வீட்டுக்கு ஒரு குறி. கால்நடை வைத்தியர் மாட்டின் காதில் மாட்டிவிடுகிற மஞ்சள் அட்டை முள்ளுக்கம்பியிலும் பற்றையிலும் மாட்டிக் கழன்றுபோகும். சுட்ட குறி கழலாது.

இந்தக் குறிகளையெல்லாம் கணினியில் ஏற்ற வேண்டும் என்று ஒரு நாள் மேலிடத்திலிருந்து ஒரு மென்பொருள் வந்து இறங்கியது. திரையில் நீளமான பட்டியல். தொடர் இலக்கம், பெயர், ஊர், குறி, காது அட்டை இலக்கம், மாட்டின் தொகை என்று ஆறு நிரல்கள். இதிலே குறி என்ற நிரலுக்குள் படம் போட முடியாது, எழுத்தால் வர்ணித்து அடிக்க வேண்டும். அந்தப் புண்ணிய வேலை என் தலையில் விழுந்தது. "வளைந்த கோடு, மேலே ஒரு புள்ளி, பக்கத்தில் நண்டு மாதிரி ஒன்று" என்று நான் அடித்துக்கொண்டே போனேன். பரம்பரைப் பட்டிக்காரர் ஒருவர் வந்து திரையைப் பார்த்துவிட்டுக் கத்திய கத்து இன்னும் காதில் இருக்கிறது.

"ஆரது என்ர குறியை நண்டு எண்டு அடிச்சது? எங்கட அப்பு வைச்ச வில்லும் அம்பும் அது!"

"வில்லில ஏன் ஐயா இவ்வளவு கால்?" என்று நான் கேட்டேன். அவர் என்னோடு அதற்குப் பிறகு கதைக்கவே இல்லை.

படத்தார் நுழைந்தது இந்த இடத்தில்தான். அதுவரைக்கும் அவர் பளையிலிருந்து காலை பஸ்ஸில் வந்து மாலை பஸ்ஸில் போகிற சாதாரண மனுசன். என் நண்டைப் பார்த்த அன்றைக்கு அவருக்கு ஞானம் பிறந்துவிட்டது. குறி என்ற நிரலுக்குள் குறியே தெரிய வேண்டும், சின்னப் படமாக, ஒவ்வொரு வரியிலும். அவ்வளவுதான் அவர் கேட்டது. மென்பொருள் செய்தவர்களுக்குத் தொலைபேசி எடுத்தார். மறுமுனையில் ஒரு பெண் தமிழில்தான் பேசினா.

"முதலாம் நிரலில மட்டும்தான் படம் வரும் ஐயா. மற்ற நிரல்களில எழுத்து மட்டும்தான்."

"ஏன் தங்கச்சி, மற்ற நிரல்கள் என்ன பாவம் செய்ததுகள்?"

"சிஸ்டம் அப்பிடித்தான் ஐயா."

"முதலாம் நிரலில தொடர் இலக்கம் எல்லோ கிடக்கு. இலக்கத்துக்குப் பக்கத்தில மாட்டுக்குறியைப் போட்டால் ஆக்கள் சிரிக்க மாட்டினமோ?"

அந்தப் பிள்ளையே சிரித்துவிட்டது. படத்தார் தொலைபேசியை வைத்துவிட்டுக் கதிரையில் நிமிர்ந்து இருந்த விதத்தைப் பார்த்ததும், இனி இந்தக் கந்தோரில் உருப்படியாக ஒரு வேலையும் நடக்காது என்று எனக்கு விளங்கிவிட்டது.

அவர் சொந்தமாகவே ஒரு மென்பொருள் எழுதத் தொடங்கினார். எட்டு மாதம். பட்டியலில் வருகிற படம் பதினாறு புள்ளி அகலம், பதினாறு புள்ளி உயரம். அதற்காகச் சின்னப் பிள்ளைகள் கணக்குச் செய்கிற சதுர றூள் கொப்பி வாங்கினார். பதினாறு சதுரத்துக்குப் பதினாறு சதுரம் எண்ணி எல்லை கீறி, அதற்குள் பென்சிலால் சதுரம் சதுரமாகக் கறுப்படித்துக் குறிகளை வரைவார். பஸ்ஸில் வரைவார், சாப்பிடும்போது வரைவார். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய், அம்மன் வாசலில் அவ்வளவு சனத்துக்குள் நின்று, முன்னால் நின்றவரிடம், "உங்கட கொழுக்கி இடப்பக்கம் வளையுதோ, வலப்பக்கமோ?" என்று கேட்டு வரைந்த ஆள் அவர். கேட்கப்பட்டவர் கற்பூரத்தட்டைக் கூடக் கவனிக்காமல் காற்றில் விரலால் கொழுக்கி கீறிக் காட்டினாராம்.

போகப் போக மனுசருடைய பெயர்கள் அவருக்கு மறந்தே போயின. கலியாண வீட்டில் பெண்ணின் தகப்பனைப் பார்த்து, "வாங்கோ இரட்டைப்பிறை!" என்று கையெடுத்துக் கும்பிட்டார். செத்தவீட்டுக்குப் போய், "ஏணிக்குக் கீழ ஒரு கோடு, பாவம், நல்ல மனுசன்," என்று துக்கம் விசாரித்தார். செத்தவரின் மகனுக்கு அவர் தன் தகப்பனைத்தான் சொல்கிறார் என்று விளங்கியதும் அழுகை இன்னும் கூடிவிட்டது.

ஒரு வழியாக ஒரு திங்கட்கிழமை, குறி நிரலுக்குள் படம் வந்துவிட்டது என்று கூவினார். ஓடிப்போய்ப் பார்த்தோம். வந்துதான் இருந்தது. ஆனால் எல்லா வரியிலும் ஒரே படம். தலைவருடைய ஏணி. சங்கத்தில் உள்ள அத்தனை பேருடைய மாடும் தலைவருடையதாகிவிட்டது. நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். தலைவர் வந்து மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார். "நல்லாய் இருக்கு," என்றார். "இதில மாத்துறதுக்கு என்ன இருக்கு?"

அதைத் திருத்த மூன்று வாரம். திருத்தியதும் வேறொரு கூத்து. பெயர் என்ற தலைப்பில் தட்டினால் பெயர்கள் அகர வரிசைக்கு வந்தன. படங்கள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஒரே தட்டில் அந்தப் பகுதி முழுக்க உள்ள மாடுகள் கைமாறிவிட்டன. இரண்டே இரண்டு கன்று வைத்திருந்த மேசன் ஒருவர் அன்றைக்குப் பின்னேரம் வரைக்கும் இருநூறு மாட்டுக்குச் சொந்தக்காரராக இருந்தார். அவர் முகத்தில் அப்படியொரு களையை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. பிழை திருத்தப்பட்டது என்று சொல்ல எனக்கே மனம் வரவில்லை.

கடைசியில் படங்கள் ஒழுங்காக வந்தன. பார்க்க உண்மையிலேயே வடிவாகத்தான் இருந்தது, அதை நான் ஒத்துக்கொள்ள வேண்டும். எழுத்து வாசிக்கத் தெரியாத வயோதிபர்கள்கூட வந்து திரையில் தங்கள் குறியைத் தாங்களே கண்டுபிடித்துத் தொட்டுக் காட்டினார்கள். திரை முழுக்க விரல் அடையாளம். படத்தார் அதைத் துடைக்க விடமாட்டார்.

சனியன் பிடித்தது செயற்குழுக் கூட்டத்தில்தான். குறிக்குப் படம் வந்தால் மற்றதுக்கு ஏன் வரக்கூடாது என்று ஒருவர் கேட்டார். அவ்வளவுதான். கறவைப் பசு உள்ளவருக்கு ஒரு படம், எருமை உள்ளவருக்கு ஒரு படம், கூட்டத்துக்கு ஒழுங்காக வருகிறவருக்கு ஒரு படம் என்று ஆளாளுக்குக் கேட்கத் தொடங்கினார்கள். பெண் அங்கத்தவருக்குக் கொண்டை வைத்த ஒரு தலை போடச் சொன்னார் செயலாளர். பெண் அங்கத்தவர்கள் நாலு பேர் எழும்பி, "கொண்டையைக் கண்டுதான் எங்கள மனுசர் எண்டு தெரியுமோ உங்களுக்கு?" என்று கேட்டார்கள். செயலாளர் அடுத்த விடயத்துக்குத் தாவினார். ஆனால் கொண்டை போடப்பட்டது.

இறந்துபோன அங்கத்தவருக்கு என்ன படம் என்பதில் மட்டும் இரண்டு கூட்டம் போனது. ஒருவர் குத்துவிளக்கு என்றார். ஒருவர் சிலுவை என்றார். எல்லாச் சமயத்துக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று மாலை தீர்மானமானது. பதினாறு புள்ளிக்குள் மாலையை வரைந்தால் அது தூக்குக்கயிறு மாதிரி வந்தது. இயற்கையாய்ச் செத்தவர்களுடைய குடும்பங்கள் எல்லாம் முறைப்பாட்டோடு வந்தன. தலைவர் தன் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு கதிரை வரையச் சொன்னார். படத்தார் வரைந்துகொடுத்தார். அது முக்காலி மாதிரி இருக்கிறது என்று தலைவர் இரண்டு தரம் திருப்பி அனுப்பினார்.

இப்படியாக ஒரு வரிக்கு ஒன்பது படம் சேர்ந்துவிட்டது. திரை அகலம் ஒன்றும் கூடவில்லை. ஒவ்வொரு படமும் பெயர் நிரலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. சிவலிங்கமும் சிவராசாவும் சிவபாதமும் எல்லாரும் "சிவ" என்று ஆகி, பக்கத்தில் மூன்று புள்ளியோடு நின்றார்கள். பெயரைப் பார்த்து ஆளைச் சொல்ல ஏலாது என்ற நிலை வந்தது. படத்தார் இதைப் பெரிய வெற்றியாக எடுத்துக்கொண்டார்.

"பெயரில பொய் சொல்லலாம் பிள்ளை. குறியில பொய் சொல்லேலாது," என்றார் என்னிடம்.

இனி எல்லாமே கணினியில் இருக்கிறதுதானே என்று தலைவர் ஒரு நல்ல நாளில், அங்கத்தவர்கள் கையால் குறி கீறிக்கொடுத்த பழைய படிவங்களை எல்லாம் கட்டிச் சந்தி வடைக்கடைக்கு அனுப்பிவிட்டார். கொஞ்சக் காலம் நாங்கள் ஊர்ப் பரம்பரைக் குறிகளிலே எண்ணெய் ஒற்றிச் சாப்பிட்டோம். அப்போது அது எங்களுக்குப் பகிடியாகத்தான் இருந்தது.

அந்த மாரி விதைப்புக்குப் பிறகு பயிருக்குள் இறங்கிய ஒரு சிவத்தப் பசுவை வயற்காரர்கள் பிடித்துவந்து எங்கள் அடைப்பில் கட்டினார்கள். வயிற்றில் கன்று. காதில் அட்டை இல்லை. தொடை மயிரைக் கத்தரித்துப் பார்த்தால், நடுவில் ஒரு கோடும் இரண்டு பக்கமும் வளைந்த இரண்டு கோடுமாக ஒரு குறி தெரிந்தது. தழும்பு வளர்ந்து, கொஞ்சம் கலங்கிப்போய் இருந்தது.

பசுவைத் தேடி இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கொக்கிளாய்ப் பக்கம் பெரிய பட்டி வைத்திருக்கிறவர், தலைவருடைய மச்சான். குறி சூலம் என்றபடியால் ஊரில் அவருக்குச் சூலத்தார் என்று பெயர். தன்னிடம் எத்தனை மாடு இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. மற்றது இராசம்மா அக்கா. மலையகத்திலிருந்து வந்து எங்கள் பக்கம் காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். கணவர் இல்லை. தன்னிடம் எத்தனை மாடு என்று அவவுக்கு நன்றாகத் தெரியும். ஒன்று.

தலைவர் படத்தாரைக் கூப்பிட்டார். "திரையைப் பாரும். படம் என்ன சொல்லுது?"

படத்தார் பட்டியலை ஓட்டினார். சூலத்தாருடைய வரியில் சூலம். இன்னும் கீழே போனார். இராசம்மா அக்காவின் வரியிலும் சூலம். ஒரு புள்ளி வித்தியாசம் இல்லை.

"பாத்தியளோ," என்றார் தலைவர். மச்சானைப் பார்த்து நீங்கள் என்றவர், இராசம்மா அக்காவின் பக்கம் திரும்பியதும் நீ என்றார். "ஊரில பெரிய பட்டிக்காரற்ற குறியைக் களவெடுத்துப் பதிஞ்சு வைச்சிருக்கிறாய். என்ன துணிவு உனக்கு?"

"ஐயா, அது சூலம் இல்லீங்க," என்றா அவ. "அது கொழுந்துங்க. ரெண்டு எலை, நடுவுல ஒரு மொட்டு. எங்க மாமியாரு தோட்டத்துல கொழுந்து எடுத்தவங்க. அதுனால எங்க வீட்டுக்காரரு அந்தக் குறியத்தான் வைப்பேன்னு அவரு கையாலயே கம்பி வளைச்சாரு. கம்பி வீட்டுல இருக்குங்க, கொண்டாறவா?"

"கம்பி ஆரும் வளைக்கலாம். பதிவில என்ன இருக்கு எண்டதுதான் கதை."

இராசம்மா அக்கா படத்தாரைப் பார்த்தா. "சார், நீங்களாச்சும் சொல்லுங்க சார்."

படத்தார் திரையைப் பார்த்தபடியே சொன்னார். "படம் பிழை சொல்லாது அக்கா."

அவ அடைப்புக்குப் போய்ப் பசுவுக்கு ஒரு வாளி தண்ணீர் வைத்துவிட்டு நடந்து போனா. அப்போது எனக்கு ஒன்று ஞாபகம் வந்துவிட்டது.

நான் முதன்முதலில் எழுத்தில் அடித்துக்கொண்டிருந்த காலத்தில் அந்தப் படிவம் என் கையில் வந்தது. மூன்று பிரிவாக ஏதோ கீறியிருந்தது. தேயிலைக் கொழுந்தை நான் என் வாழ்நாளில் கண்ணால் கண்டதில்லை. தேயிலை என்றால் எனக்குக் கடையில் வாங்குகிற தூள்தான். ஒருவரிடமும் கேட்காமல், "சூலம் மாதிரி" என்று அடித்துவிட்டு அடுத்ததுக்குப் போனேன். இது முழுக்க ஞாபகம் இருந்தும் தலைவருக்கு முன்னால் நான் வாய் திறக்கவில்லை. பயம்தான், வேறென்ன.

மத்தியானம் படத்தார் சாப்பாட்டுப் பார்சலை அவிழ்க்கவில்லை. பழைய சதுர றூள் கொப்பிகளை அலுமாரிக்குள் இருந்து இழுத்துப் போட்டுப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார். எட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் முதலில் அவர் இரண்டு இலையையும் நடுவில் அகலமாக, வயிறு வைத்துத்தான் வரைந்திருக்கிறார். பதினாறு சதுரத்துக்குள் அது கறுப்புக் கட்டியாகத் தெரிந்திருக்கும் போல. பிறகு வயிற்றுச் சதுரங்களை அழிறப்பரால் அழித்து வெறும் கோடாக்கியிருக்கிறார். பக்கத்தில் சின்னதாக ஒரு குறிப்பு: "சூலம். தட்டச்சில் உள்ளபடி." எழுத்தை நம்பாத மனுசன் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை எழுத்தை நம்பியிருக்கிறார். அதுவும் என்னுடைய எழுத்தை.

கொப்பியை மூடிவிட்டு அவர் என்னைப் பார்த்தார். நான் கடிதக் கட்டு ஒன்றை அவசரமாக அடுக்கத் தொடங்கினேன்.

அடுத்த வியாழக்கிழமை மாவட்டத்திலிருந்து பெரிய அதிகாரிகள் வருவதாக இருந்தது. படம் போட்ட பட்டியல் என்று ஒன்று இங்கே இருப்பதைக் கேள்விப்பட்டு, மற்றச் சங்கங்களுக்கும் கொடுக்கலாமா என்று பார்க்கத்தான் வருகிறார்கள். தலைவருக்குத் தலைகால் தெரியவில்லை. பந்தல், குருத்தோலை, ஒலிபெருக்கி, புறொஜெக்டர் எல்லாம் ஒழுங்கு செய்தார். கிரீடம் வைத்தமாதிரி ஒரு யோசனையும் அவருக்கு வந்தது. பட்டியலைத் திரையில் காட்டி, படத்தைக் காட்டி, பெரியவர்கள் கையாலேயே அந்தப் பசுவைச் சூலத்தாரிடம் ஒப்படைப்பது. நவீன முறையில் மாட்டு வழக்கு தீர்ப்பது எப்படி என்று அவர்களும் பார்க்கட்டும். அன்றைக்கே படத்தாருக்கு நிரந்தர நியமனக் கடிதமும் மேடையில் வைத்துக் கொடுப்பதாகச் சொன்னார். படத்தார் பதினொரு வருடமாகத் தற்காலிகம்.

இடைப்பட்ட நாட்களில் படத்தார் தேநீருக்குக்கூட எழும்பவில்லை. மென்பொருளில் ஏதோ செய்துகொண்டே இருந்தார். ஒரு நாள் பின்னேரம் கந்தோர்ச் சைக்கிளை எடுத்துக்கொண்டு இராசம்மா அக்கா வீட்டுப் பக்கம் போனதாகத் தேநீர் அக்கா சொன்னா. நியமனக் கடிதத்துக்கு முன்னால் ஒரு பசு எம்மாத்திரம் என்று நான் நினைத்தேன். மற்றவர்களும் என்னைப் போலத்தான் என்று நினைப்பதில் ஒரு ஆறுதல் இருக்கிறது.

வியாழக்கிழமை வந்தது. பெரியவர்கள் வந்தார்கள், மாலை விழுந்தது, விளக்கு எரிந்தது, தலைவர் ஒரு மணித்தியாலம் பேசினார். பசுவைப் பந்தல் ஓரத்தில் கட்டியிருந்தார்கள். சூலத்தார் வெள்ளை வேட்டியோடு முன்வரிசையில். இராசம்மா அக்கா சீலையால் எதையோ சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில். படத்தார் எழும்பிப் போய்ப் பட்டியலைத் திறந்தார்.

வெள்ளைத் திரை முழுக்க இரண்டே இரண்டு வரிதான் இருந்தது. படங்களை அவர் அவ்வளவு பெரிதாக்கியிருந்தார். ஒவ்வொரு வரியும் கதவளவு உயரம். கொண்டை, மாலை, முக்காலி ஒன்றும் இல்லை. குறி மட்டும்.

"என்ன காணும்," என்று சனத்துக்குள் ஒருவர் கத்தினார், "சங்கத்தில மொத்தமே ரெண்டு பேர்தானோ?"

சனம் சிரித்தது. தலைவரும் சிரிக்க முயற்சித்தார். படத்தார் மைக்கைப் பிடித்தார். ஒலிபெருக்கி கரகரத்தது.

"மேல தெரியிறது சூலம். அது சூலத்தார் ஐயான்ர குறி. கீழ தெரியிறது தேயிலைக் கொழுந்து. அது இராசம்மா அக்கான்ர. இலைக்கு வயிறு இருக்கு, பாருங்கோ. நான் அதைப் பதினாறு புள்ளிக்குள்ள அடைக்கப்போய் வயித்தை வெட்டிப்போட்டன். அதால கொழுந்து சூலமாய்ப் போச்சு. அந்த அக்கா களவெடுக்கேல்ல. நான்தான் அவவின்ர குறியைக் களவெடுத்தனான். இது என்ர பிழை. முழுக்க என்ர பிழை."

வந்திருந்தவர்களில் மூத்த அம்மா ஒருவர், கால்நடை வைத்தியர், எழும்பினா. "கம்பி இருக்கோ?" என்று கேட்டா. அவ்வளவுதான் கேட்டா. இராசம்மா அக்கா சீலைச் சுற்றை அவிழ்த்துக் கம்பியை எடுத்துக்கொண்டு கடைசி வரிசையிலிருந்து நடந்து வந்தா. சூலத்தார் வீட்டுக் கம்பிக்கும் ஆள் போனது. இரண்டையும் தழும்பின் மேல் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். சூலம் மூன்று இடத்தில் விலகியது. கொழுந்து அப்படியே உட்கார்ந்தது.

இது சினிமாவாக இருந்தால் அந்தப் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிப்போய் இராசம்மா அக்காவை நக்கியிருக்கும். அது அப்படி ஒன்றும் செய்யவில்லை. இவ்வளவும் நடக்கும்போது பந்தலில் கட்டியிருந்த குருத்தோலையைத் தின்றுகொண்டு நின்றது. பிறகு அவவோடு வீட்டுக்குப் போனது.

நியமனக் கடிதம் தலைவருடைய சட்டைப் பைக்குள்ளேயே வீட்டுக்குப் போனது. மறுநாள் பட்டியலைப் பழையபடி பதினாறு புள்ளிக்கு மாற்றச் சொல்லி எழுத்தில் உத்தரவு வந்தது. படத்தார் எழுத்தை மதிக்கிற ஆளா? திரைக்கு ஏழு வரிக்கு மேல் வராதபடி படங்களைப் பெரிதாகவே வைத்துக்கொண்டார். ஒரு ஆளைத் தேட நான் சுட்டியை உருட்டி உருட்டியே விரல் நொந்துபோனேன். அவரோ சனி ஞாயிறுகளில் பட்டி பட்டியாகப் போய், ஒவ்வொரு குறியையும் மாட்டின் தொடையில் பார்த்துத் திரும்பவும் வரையத் தொடங்கினார். இரண்டு தடவை உதை வாங்கினார். ஒரு தடவை எருமை துரத்தியதில் கொப்பியோடு குளத்துக்குள் இறங்கி நின்றார். நான் இதையெல்லாம் கந்தோரில் நடித்துக் காட்டிச் சிரிப்பு மூட்டுவேன். அவரும் கூட இருந்து சிரிப்பார்.

அந்தப் பசு ஒரு நாகுக் கன்று, பெண் கன்று, போட்டது. அடுத்த வருடம் கன்றுக்குக் குறி சுடுகிற நாள், இராசம்மா அக்கா எங்கள் இருவரையும் கூப்பிட்டிருந்தா. பாலைமர விறகில் நெருப்பு. கம்பி சிவந்துகொண்டிருந்தது. அப்போதுதான் தெரிந்தது, சங்கத்தில் உள்ள அத்தனை குறிகளையும் வரைந்த மனுசன் ஒரு குறி சுடுவதையும் பார்த்ததில்லை என்று. கம்பி பட்டுக் கன்று கதறியதும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"நோகாதோ அக்கா?"

"நோவும் சார்," என்றா அவ. "நமக்கும்தான் நோவுது. ஆனா இது இல்லாட்டி நம்மளுதுன்னு யாருகிட்ட சொல்லி நம்ப வைக்கிறது?"

படத்தார் கன்றின் தலையை மடியில் வைத்துக்கொண்டு மண்ணிலே இருந்துவிட்டார். அவ கொடுத்த தேங்காயெண்ணெயையும் மஞ்சளையும் விரல் நுனியால் தொட்டுத் தொட்டு, கொழுந்தின் ஒவ்வொரு கோட்டிலும் பூசினார். அவ்வளவு பொறுமையாக அவர் கொப்பியில் வரைந்தும் நான் பார்த்ததில்லை.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "அண்ணை, சூலம் மாதிரி எண்டு அடிச்சது நான்தான்," என்றேன்.

"தெரியும்."

"பிறகேன் மேடையில என்ர பேரைச் சொல்லேல்ல? என்ர பிழையும்தானே."

அவர் கன்றைவிட்டுத் தலை நிமிரவில்லை. "நீர் படிவத்தைப் பாத்து, விளங்கினதை அடிச்சனீர் பிள்ளை. நான் இலையை இலையெண்டு வரைஞ்சுபோட்டு அழிச்சனான். ரெண்டும் ஒண்டில்லை."

நான் அந்தப் பக்கம் திரும்பி நின்று அழுதேன். இன்றைக்கும் அவர் தற்காலிகம்தான். இன்றைக்கும் அவரைப் பற்றி ஊரில் எல்லாரும் பகிடி விடுகிறார்கள், எனக்குக் கோபம் வருகிறது. அந்த மனுசனைப் பகிடி பண்ண இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் உரிமை.